அட்டையில் இல்லாத வசனங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 36 வயது. தூத்துக்குடியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, இளையவன் நான்காம் வகுப்பு. “இருட்டோடே எழுந்திருந்து” என்று நீதிமொழிகளில் சொல்லியிருக்கிறபடி நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறேன். படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. காலையில் போனில் வரும் அன்றைய வசனத்தையும் அதற்கடுத்த ஆரோக்கியக் குறிப்புகளையும் வாசிப்பதோடு என் வாசிப்பு முடிந்துவிடுகிறது. விசுவாசத்துக்கும், பிள்ளை வளர்ப்புக்கும், உடல்நலத்துக்கும் ஒரு தாய் வாசிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலைத் தருவீர்களா? வேதப்புத்தகம் ஒன்றே போதும், மற்றதெல்லாம் வீண் என்கிறார் என் மாமியார். அது உண்மையா?

இன்னொன்று. சின்னவன் வயிற்றிலிருந்தபோது எனக்குச் சர்க்கரை இருந்தது. போன வருடம் மறுபடி வந்து, மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. இந்த ஆண்டு எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் எரேமியா 29:11. அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தொடங்கப்போகும் 21 நாள் தானியேல் உபவாசத்தில் சேரலாமென்று இருக்கிறேன். அதற்கும் ஏதாவது புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஆண்டிறுதி ஆராதனை முடிந்து திரும்பும் ஒவ்வொரு வருடமும் எனக்குள் ஒரு வருத்தம் எழும். அதை எழுதிவிட வேண்டுமென்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. நள்ளிரவில் சபைப் போதகரான ஐயர் ஜெபித்து முடித்ததும் தாம்பாளத்தில் அட்டைகள் வருகின்றன. குடும்பத்துக்கு ஒருவர் கையை நீட்டி ஒன்றை எடுக்கிறோம். பூவும் புறாவும் அச்சடித்த அந்தச் சிறிய அட்டையில் ஒரே ஒரு வசனம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அந்த வருடம் முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு கடிதத்தில் நமக்குப் பிடித்த ஒரு வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிட்டால், கடிதம் எழுதியவர் மனம் என்ன பாடுபடும்?

உங்களுக்குக் கிடைத்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில்தான் இருக்கிறது. எரேமியா 29 ஒரு நிருபம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசன் எகொனியாவையும், அவன் தாயையும், அரண்மனையாரையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருடங்களில் கர்த்தர் அனைவரையும் திரும்பக் கொண்டுவருவார் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கவும் செய்கிறான். கேட்டவர்களுக்கு எத்தனை இனிப்பாக இருந்திருக்கும்! இந்தக் காலமாக இருந்தால் அவன் சொன்னதைத்தான் அட்டையில் அச்சடித்திருப்போம். அவன் பொய் சொன்னான் என்றும், அந்த வருடமே இறந்துபோனான் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது.

எரேமியாவின் நிருபத்தில் குறித்திருந்த காலம் எழுபது வருடம். “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்று உங்கள் சுவரில் இருக்கும் வசனத்துக்கு நேர் மேலே, பத்தாம் வசனத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. பாபிலோனில் அதை வாசிக்கக் கேட்ட 36 வயதுத் தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். தன் கண்ணால் எருசலேமை இனிப் பார்க்கப்போவதில்லை என்பது அவளுக்கு அந்தக் கணமே விளங்கியிருக்கும். ஆகையால் அவளுக்குச் சொல்லப்பட்ட நல்ல எதிர்காலம் அவளைத் தாண்டி, அவள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. அப்படியானால் அதுவரை அவள் என்ன செய்ய வேண்டும்? அதையும் நிருபம் சொல்கிறது, ஐந்தாம் வசனத்திலிருந்து. வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளைப் பெறுங்கள், அவர்களுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்த அந்நியப் பட்டணம் நன்றாக இருக்க வேண்டுமென்று ஜெபியுங்கள், ஏனெனில் அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள்.

விசுவாசம், குடும்பம், உடல்நலம் என்று நீங்கள் மூன்று தனித்தனி அலமாரிகளாகப் பிரித்துக் கேட்ட மூன்றும் அந்த ஒரே நிருபத்தில், உங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் வசனத்துக்கு ஆறு வசனம் மேலே, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த வசனம் வாயை மூடிக்கொண்டு அற்புதத்துக்குக் காத்திரு என்று யாரிடமும் சொல்லவில்லை. விதை போடு, சமைத்துச் சாப்பிடு, பிள்ளைகளை வளர், அக்கம்பக்கத்துக்காக ஜெபம் செய், நெடுங்காலத்துக்கு ஆயத்தமாக இரு என்று சொல்கிற நிருபத்தின் நடுவிலிருந்து பேசுகிறது. மேலே உள்ளதை விட்டுவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது, எரேமியாவின் வாயில் அனனியாவின் பேச்சை வைத்துவிடுகிறோம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

தானியேலுக்கும் இதே கதிதான். இங்கே உங்களைக் கடிந்துகொள்ளத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் அதிகாரத்தில் தானியேலும் மூன்று நண்பர்களும் பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கேட்டது பத்து நாளைக்கு. ராஜாவின் போஜனத்தால் தங்களைத் தீட்டுப்படுத்தக் கூடாதென்பது அவர்களுடைய காரணம். அதைக்கூடத் தாங்களாகவே தொடங்கவில்லை. தங்களுக்குப் பொறுப்பாளனிடம் அனுமதி கேட்டு, பத்து நாள் கழித்து எங்கள் முகத்தைச் சோதித்துப் பாரும் என்று தங்களை அவன் பார்வைக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். 21 நாள் என்பது பத்தாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அங்கே வயது முதிர்ந்த தானியேல் மூன்று வாரம் துக்கித்திருந்தார், ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டிருந்தார். துக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் செய்ததைச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு தாய்க்கு உணவுத் திட்டமாக வகுத்துக் கொடுக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமையில்லை. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளில் சில, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரையை ஒரேயடியாகத் தாழ்த்திவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நினைவு தப்பும். இன்சுலினும் அப்படித்தான். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று உங்கள் டாக்டருக்குத் தெரியும், சங்கத் தலைவிக்குத் தெரியாது. அலுவலகம் போகிற வழியில் ஸ்கூட்டியோடு நீங்கள் விழுந்தால் அந்தப் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்த யார் வருவார்கள்? கோபத்தில் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் கேட்கிறேன்.

“இருட்டோடே எழுந்திருந்து” என்ற வசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் வரும் குணசாலியான ஸ்திரீ தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள் என்று அதே வசனத்தின் பிற்பாதி சொல்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை வேலைக்காரிகள்? அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்றும், தமக்குப் பிரியமானவனுக்குக் கர்த்தர் நித்திரை அளிக்கிறார் என்றும் 127ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அந்த வரியை ஏன் யாரும் உங்கள் போனுக்கு அனுப்புவதில்லை? ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். பாத்திரத்தைக் கணவர் கழுவட்டும்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குத் தெற்கே தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்களை வளர்த்தவள் அவள். அப்பா வெளியூரில் வேலை பார்த்தார். இராச்சாப்பாடு முடிந்ததும் அரிக்கன் விளக்கைத் திரி ஏற்றி வைத்துவிட்டு வேதப்புத்தகத்தைப் பிரிப்பாள். “நேத்து எங்க விட்டோம்?” என்று கேட்பாள். யாராவது சரியாகச் சொல்லாமல் அடுத்த வரியை வாசிக்க மாட்டாள். தூக்கம் கண்ணைச் சொக்கினாலும் நாளாகமத்தின் வம்ச வரலாற்றைக்கூட நாங்கள் தாண்டிப் போக முடியாது. பேர் தெரியாதவர்களும் கர்த்தருக்குப் பிள்ளைகள்தானே என்பாள்.

என் தம்பிக்கு டைபாய்டு வந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் குளோராம்பெனிகால் கேப்சூலை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லி, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தர வேண்டும் என்றார். வீட்டில் வேறு தாள் இல்லை. அம்மா அந்த வேளைக் கணக்கை வேதப்புத்தகத்தின் ஓரத்தில், 91ஆம் சங்கீதத்தின் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரா பன்னிரண்டு. ஒவ்வொரு கேப்சூல் கொடுத்ததும் ஒரு சிறு கோடு. சில நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஜெபக்குழுவில் வரும் பக்கத்து வீட்டு அத்தை வந்து, கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார், இனியும் மருந்து கொடுத்தால் அவிசுவாசமல்லவா என்றாள். அம்மா சண்டை போடவில்லை. புத்தகத்தைப் பிரித்து இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரத்தை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். சாகும் நிலையில் நோயாய்க் கிடந்த அரசன் எசேக்கியா அழுது ஜெபிக்கிறான், கர்த்தர் கேட்கிறார், பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கிறார். அத்தை அங்கே நிறுத்தி, பார்த்தாயா என்றாள். “இன்னும் ஒரு வசனம் இருக்கு, வாசி” என்றாள் அம்மா. ஏழாம் வசனத்தில் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப் போட வைக்கிறார். “மருந்த நிப்பாட்டுன்னு எங்க இருக்குன்னு காட்டு, நிப்பாட்டுறேன்” என்றாள். டாக்டர் குறித்த கடைசி நாள்வரை பென்சில் கோடுகள் ஓடின. அந்தப் புத்தகம் இன்று என்னிடம் இருக்கிறது. கொள்ளைநோய்க்கும் பாழாக்கும் சங்காரத்துக்கும் பயப்படாதிருப்பாய் என்ற வரிகளின் ஓரத்தில் கேப்சூல் கணக்கு மங்கலாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் சண்டை இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

உங்கள் மாமியாரின் பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வேதப்புத்தகம் ஒன்றே போதும் என்று நம் முன்னோர்கள் கருதியிருந்தால், 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தம் மாணவர்களுக்காகப் பேறுகாலம், அறுவை, உடற்கூறு பற்றிய நூல்களைத் தமிழில் கொண்டுவர இத்தனை பாடுபட்டிருக்க மாட்டார். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று பெண்கள், பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததைக் கண்ட அமெரிக்க மிஷனெரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் மருத்துவப் புத்தகங்களைப் படித்தார். 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் திறந்தார். கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் ஐயரின் மகள் அன்னா சத்தியநாதன், சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர், நல்ல தாய் எப்படி இருக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் ஒரு நூலும் எழுதினார். அவர் மருமகள் கிருபாபாய் சத்தியநாதன், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, உடல்நலம் கெட்டுப் பாதியில் விட நேர்ந்து, பிறகு நாவல்கள் எழுதி, 1894இல் இளம் வயதிலேயே மறைந்தார். விசுவாசமுள்ள பெண்கள் வாசித்ததும் எழுதியதும் நம் வீட்டுச் சொத்து. இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட பட்டியலை நான் தரப்போவதில்லை. உங்களுக்கு இருக்கும் நேரத்தில் இன்னும் பத்துப் புத்தகங்களைப் பாதிப் பாதியாகப் புரட்டினால் போனில் வரும் ஆரோக்கியக் குறிப்புகளைப்போல் அவையும் துண்டு துண்டாகத்தான் நிற்கும். ஒரு சுவிசேஷத்தை எடுங்கள், பிரியமான வைத்தியன் என்று பவுல் அழைத்த லூக்கா எழுதியதாக இருக்கட்டும். முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை, இரவில், சத்தமாக. மூத்தவள் வாசிக்கட்டும், நீங்கள் படுத்தபடி கேளுங்கள். போனில் வரும் வசனம் வரட்டும், அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் வாசிக்க வேண்டியது, நீங்கள் பிரிக்காமல் வைத்திருக்கும் அந்த ரிப்போர்ட். அதில் எச்பிஏ1சி என்றொரு எண் இருக்கும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரை அளவைச் சொல்வது அது. 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பார்கள். உங்களுக்கு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் நிறுத்தாமல், சிறுநீரக அளவு, கொழுப்பு அளவு என்று கடைசித் தாள்வரை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பயம் வந்தால் கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உபவாசத்தில் சேரவில்லை என்று சங்கத்தில் சொல்லிவிடுங்கள், யாராவது விசுவாசக் குறைவு என்றால் என் பெயரைச் சொல்லி என்னிடம் பேசச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். எது வந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா