கேமரா மூட்டையும் ஏழாவது மலையும்

கேள்வி: சித்ரா பௌர்ணமிக்கு நண்பர்கள் ஐந்து பேர் வெள்ளியங்கிரி ஏறுகிறோம். என்னிடம் கேனான் 80டி, 18-135 லென்ஸ், 70-200 எஃப் 2.8 லென்ஸ், 1.8 கிலோவில் ஒரு டிரைபாட் இருக்கின்றன. காலேஜ் பையில் துண்டு சுற்றி எடுத்துப் போகலாமா? கோடை மழை பிடித்தால் என்ன செய்வது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: துண்டு பரவாயில்லை. பைதான் உதவாது. அதைவிட உங்கள் பட்டியல்தான் என்னைப் பயமுறுத்துகிறது. லென்ஸ் இல்லாத கேமரா உடல் 730 கிராம், சின்ன லென்ஸ் அரைக் கிலோ, பெரிய லென்ஸ் ஒன்றரைக் கிலோ. டிரைபாடோடு நாலரைக் கிலோ. தண்ணீர், கம்பளி, கட்டுச்சோறு தனி. பூண்டி அடிவாரத்தில் இது ஒரு கனமாகவே தெரியாது. வழியில் வழுக்குப்பாறை ஏற்றத்தில் தெரியும்!

முதல் முறை ஏறியபோது நானும் 70-200ஐச் சுமந்தேன். ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. விடியலுக்கு உச்சியில் இருக்க வேண்டுமென்று இருட்டில்தான் ஏறுகிறோம், வழியில் எடுக்க என்ன இருக்கிறது? மேலே போனால் மலை மடிப்பும் மஞ்சும். அதற்கு உங்கள் சின்ன லென்ஸின் அகலமான 18 மி.மீ. கோணம் போதும். பெரியதை வீட்டில் விடுங்கள். டிரைபாடும் வேண்டாம். அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை ஊன்றி, அதன் தலையில் இடது கையை வைத்து, கைமேல் கேமராவை அமர்த்துங்கள். கை நடுக்கம் பாதிக்குமேல் அடங்கிவிடும்.

காலேஜ் பைக்கு இடுப்புப் பட்டை கிடையாது. எடை முழுக்கத் தோளில் தொங்கி, இறங்கும்போது ஆளை ஆட்டிவிடும். இடுப்புப் பட்டை உள்ள டிரெக்கிங் பையை நண்பர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அடியில் ஸ்வெட்டர், அதற்குமேல் முதுகை ஒட்டினாற்போல் கேமரா. கழுத்தில் மட்டும் மாட்டாதீர்கள். ஒரு கையில் தடி, மறு கை பாறையைத் தேடும். குனிந்த நொடியில் கேமரா ஊஞ்சலாடி பாறையில் மோதும். என் பழைய லென்ஸின் விளிம்பு அப்படித்தான் நசுங்கியது. வழியில் உள்ள ஆண்டி சுனையில் குளிக்கப் போகும்போது, பையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஐந்து பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கிவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

மழைக்குப் பையின் மேலுறை மட்டும் போதாது. முதுகுப் பக்கம் வேர்வையும் மழையும் இறங்கும். கேமராவை வாய் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத டிரை பேக்கில் போட்டு, அதைப் பைக்குள் வையுங்கள். 80டி தூறலைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் 18-135க்கு மவுண்ட்டில், அதாவது கேமராவோடு சேரும் இடத்தில், ரப்பர் வளையம் இல்லை. தண்ணீர் அந்த இடைவெளியில்தான் நுழையும். உபரி பேட்டரியைச் சட்டை உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியான ஏழாவது மலைக் குளிரில் வெளியே இருக்கும் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

குளிர்ந்த கேமராவை அடிவார வெக்கையில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். இறங்கத் தொடங்கும் முன்பே டிரை பேக்கில் போட்டு மூடிவிடுங்கள். கீழே வந்து ஒரு மணி நேரமாவது கழித்துத் திறங்கள்.

ஊர் திரும்பிய அன்றே, எவ்வளவு அசதியானாலும், பையைக் காலி செய்யுங்கள். ஒரு ஆகஸ்டில் வால்பாறையிலிருந்து வந்த ஈரப் பையை அப்படியே பரணில் போட்டுவிட்டேன். நாலு வாரம் கழித்து எடுத்தால் 50 மி.மீ. லென்ஸுக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சை. சுத்தம் செய்துகொடுத்தார்கள், கண்ணாடியின் மேல்பூச்சில் விழுந்த தழும்பு மட்டும் போகவில்லை. காற்றுப்புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றும் வாங்குங்கள். மீட்டர் முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்த வேண்டும், ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. அரிசி டப்பாவில் புதைக்கும் வைத்தியத்தால் லென்ஸுக்குத் தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

கேள்வி: மலையில் லென்ஸ் துடைக்க வேட்டி நுனி போதாதா?
– வாசகர், உடுமலை

பதில்: வெள்ளியங்கிரி ஏறுகிறவர் வேட்டியில் திருநீறு இருக்கும் ஐயா. முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணி. வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.