தலைகீழ் விளிம்பு என்று ஒன்று இல்லை: ஃப்ரெஞ்சு நினைவு நாணயங்கள் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸ் புறநகரில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருக்கிறேன். சில்லறையில் வரும் ஃப்ரெஞ்சு 2 யூரோ நினைவு நாணயங்களை என் காசைப் போட்டு மாற்றி எடுத்து வைக்கிறேன். 2012-இல் வந்த ஆபே பியேர் நாணயம் ஒன்றை, விளிம்பு தலைகீழாக விழுந்த அபூர்வப் பிழை என்று சொல்லி இணையத்தில் 150 யூரோவுக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? படக்கதை நாயகன் அஸ்டெரிக்ஸ் நாணயம் ஏன் கல்லாவுக்கு வருவதே இல்லை? அழுக்கை எப்படிப் போக்குவது? பழைய ஃப்ராங்கையும் சேர்க்கலாமா?

க. மு.

அன்புள்ள க. மு.,

வாங்காதீர்கள். ஃப்ரெஞ்சு 2 யூரோவின் விளிம்பில் இருப்பது ஒரு ‘2’, பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள். இது ஆறு முறை வரும். ஒன்று நிமிர்ந்திருந்தால் அடுத்தது கவிழ்ந்திருக்கும். நாணயத்தை எப்படிப் புரட்டி வைத்தாலும் விளிம்பு ஒரே மாதிரிதான் தெரியும். அது தலைகீழாக வழியே இல்லை. ஜெர்மன் 2 யூரோவில் விளிம்பில் வாசகம் இருப்பதால் நேர், தலைகீழ் இரண்டும் கிடைக்கும். ஆனால் அதுவும் பிழை இல்லை. விளிம்பு எழுத்தை முதலில் பதித்துவிட்டு, பிறகுதான் படம் பதியாத வெறும் உலோக வட்டு அச்சு இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே எந்தப் பக்கம் மேலே விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

விளிம்பு உண்மையிலேயே கைகொடுப்பது 2013 நாணயத்தில். இரு நாட்டு நட்புக்கான எலிசே உடன்படிக்கையின் 50-ஆம் ஆண்டுக்கு ஃப்ரான்ஸும் ஜெர்மனியும் ஒரே படத்தை, அதாவது அதில் கையெழுத்திட்ட டி கால், அடனாவர் முகங்களை, வெளியிட்டன. ஃப்ரெஞ்சு நாணயத்தில் ‘ஆர்எஃப்’ (RF, ஃப்ரெஞ்சுக் குடியரசு) எழுத்தும் நட்சத்திர விளிம்பும் இருக்கும். ஜெர்மன் நாணயத்தில் ‘டி’ (D) எழுத்து, எந்த நாணயச்சாலையில் அச்சானது என்ற குறி, வாசக விளிம்பு. ஃப்ரெஞ்சு ஆல்பத்தில் ஜெர்மன் காசை வைத்துக்கொண்டு வரிசை முடிந்துவிட்டதென்று நினைப்பவர்கள் நிறைய.

கல்லாவில் வேகமாகப் பிரிக்க ஒரு வழி: வழக்கமான ஃப்ரெஞ்சு 2 யூரோவில் மரம் இருக்கும். மரம் இல்லாமல் ‘ஆர்எஃப்’ இருந்தால் எடுத்து வையுங்கள். 2022 முதல் மரத்தின் வடிவமே மாறிவிட்டது. அந்தப் புது மரத்தை நினைவு நாணயம் என்று எடுத்து வைக்க வேண்டாம். வங்கியிலிருந்து சுருள் வாங்கினால் ஒன்றில் 25 நாணயங்கள், 50 யூரோ.

பட்டியல் பெரிதில்லை. நினைவு நாணயமாகப் புழக்கத்துக்கு வரக்கூடியது 2 யூரோ மட்டுமே. 2007 ரோம் உடன்படிக்கை ஃப்ரான்ஸுக்கு முதலாவது. 2012 வரை ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு ஒன்று, அதன்பின் இரண்டு, கூட்டு வெளியீடுகள் தனி. எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். 2008-இன் ஐரோப்பிய ஒன்றியத் தலைமைப் பொறுப்பு நாணயமும் 2010-இன் ஜூன் 18 அழைப்பு (1940-இல் டி கால் விடுத்த வானொலி அழைப்பு) நாணயமும் தலா 2 கோடி. 2012 ஆபே பியேரும் 2013 கூபெர்த்தேனும் (நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கியவர்) தலா 10 லட்சம்தான். பின்னவை இரண்டும் கல்லாவில் வந்தால் தேய்ந்திருந்தாலும் விடாதீர்கள்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விலை கொடுப்பது தவறு. ஃப்ரான்ஸின் பெஸாக் நாணயச்சாலையை விட்டு அந்த நாணயம் எப்படி வெளியே போனது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. 2019-இன் அஸ்டெரிக்ஸ், சேகரிப்பாளர்களுக்கென்று அட்டையில் அடைத்து விற்கப்பட்டது. கல்லாவுக்கு வருவதென்றால் யாரோ ஒருவர் அட்டையைக் கிழித்துச் செலவு செய்திருக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் பார்க்கவில்லை. அதை வாங்குவதானால் அட்டையோடு வாங்குங்கள். வெறும் நாணயத்துக்கு அந்த விலை கிடைக்காது. அட்டையில் ‘பி.யூ.’ (BU) என்றிருந்தால் பளபளப்பான சாதாரண அச்சு. ‘பி.இ.’ (BE) என்றால் கண்ணாடி போன்ற தளத்தில் மங்கலான உருவம். இரண்டும் வேறு பொருள்கள், வேறு விலை. வெளியார் தங்கமுலாம் பூசி, வண்ணம் தீட்டி விற்பவற்றை நாணயமென்றே நான் எண்ணமாட்டேன்.

தரம் பார்க்க நல்ல நாணயம் 2018-இன் சிமோன் வெய் (ஃப்ரெஞ்சு அரசியல் தலைவர்). பத்து மடங்கு லென்ஸில் அவருடைய கழுத்துப்பட்டையைப் பாருங்கள்: வதைமுகாமில் அவருக்கு இடப்பட்ட 78651 என்ற எண் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து இலக்கமும் தெளிவாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைச் செலவழித்துவிடுங்கள்.

போலி என்று சந்தேகம் வந்தால் 8.5 கிராம், 25.75 மில்லிமீட்டர் சரியா என்று பாருங்கள். காந்தம் நடுவட்டத்தை மெல்ல இழுக்க வேண்டும், வெளிவளையத்தை இழுக்கக் கூடாது. நடுவட்டத்துக்குள் நிக்கல் அடுக்கு இருப்பதுதான் காரணம்.

அழுக்கு விஷயத்தில் புளி, எலுமிச்சை, பற்பசை மூன்றும் வேண்டாம். பித்தளைக் குடத்துக்கு ஆகும் வைத்தியம் நாணயத்தின் மேற்பரப்பை அரித்துவிடும்; தேய்த்த கோடுகள் லென்ஸில் பளிச்சென்று தெரியும், விலை போய்விடும். மென்மையான பிவிசி உறையில் வைத்துப் பச்சையாகப் பிசுபிசுத்திருந்தால் மட்டும், தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, வாலைவடிநீரில் அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாகச் செய்யுங்கள். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பிறகு 26 மில்லிமீட்டர் கெட்டி ப்ளாஸ்டிக் நாணயக் கூட்டில் வையுங்கள்.

ஃப்ராங்க் தாராளமாகச் சேர்க்கலாம். நாணயங்களை வங்கியில் மாற்றும் கெடு 2005 பிப்ரவரி 17-இலேயே முடிந்துவிட்டது. இப்போது அவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு மட்டும்தான். புழக்கத்துக்கு வந்த 100 ஃப்ராங்க் வெள்ளி நினைவு நாணயங்களில் 15 கிராம், 900 தர (ஆயிரத்துக்கு 900 பங்கு தூய) வெள்ளி இருப்பதால் அவற்றின் விலை வெள்ளியோடு ஏறி இறங்கும். மலிவாகத் தொடங்க 1988-இன் 1 ஃப்ராங்க் டி கால், 1993-இன் 2 ஃப்ராங்க் ழான் மூலேன் நல்லவை. இரண்டும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். எனக்குப் பிடித்தது 1986-இன் 10 ஃப்ராங்க் ரோபெர் ஷூமான். அந்த ஆண்டு பத்து ஃப்ராங்கை 21 மில்லிமீட்டர் நிக்கலாகச் சுருக்கினார்கள். 19.5 மில்லிமீட்டர் நிக்கல் அரை ஃப்ராங்கோடு மக்கள் குழப்பிக்கொண்டார்கள், இருபது மடங்கு மதிப்பு வித்தியாசம்! சாதாரணப் புது நாணயத்தைச் சீக்கிரமே திரும்பப் பெற்றார்கள். 1987-இன் கபேசியன் (பழைய ஃப்ரெஞ்சு அரச வம்சம்) ஆயிரமாண்டு நாணயம் மறுபடி 26 மில்லிமீட்டரில் வந்தது. 1985 விக்டர் ஹ்யூகோ, 1986 ஷூமான், 1987 கபேசியன் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால் அளவு சுருங்கி மறுபடி பெருத்தது கண்ணுக்குத் தெரியும். ஆல்பத்தில் நடுக்குழியை மட்டும் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள்.