இரண்டு டாக்டர், இரண்டு பெயர்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஏழு வயது. ஒரு இடத்தில் உட்கார மாட்டான். கோபம் வந்தால் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடுகிறான். கோயில் கொடைத் திருவிழாவில் மேளம் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஒரு டாக்டர் பத்தே நிமிஷத்தில் ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காத துறுதுறுப்பு என்று மாத்திரை எழுதினார். இன்னொருவர் ஆட்டிசம் என்கிறார். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார். யாரை நம்ப?
- ஒரு தாய், முக்கூடல்

பதில்: தங்கச்சி, இரண்டு டாக்டரில் ஒருவர் சொன்னது தப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்காதே. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில்கூட, இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று 2013இல்தான் மாற்றினார்கள். ஆனால் பத்து நிமிஷத்தில் முடிவு செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏடிஹெச்டி என்றால் அந்தக் குணங்கள் ஆறு மாதமாவது இருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். டீச்சரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அதை எப்படிச் சொல்வது?

என் மகனும் அப்படித்தான். ஆறு வயதில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், வகுப்பில் ஓயாத சண்டை. ஒன்றரை வருஷம் மாத்திரை கொடுத்தோம். அப்புறம் ஒரு காது டாக்டர்தான் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடித்தார். காது சரியாகக் கேட்காத பிள்ளையை, கூப்பிட்டும் வரவில்லை என்று நான் அடித்திருக்கிறேன்.

அதனால் முதலில் காதைச் சோதித்துவிடு. மேளத்துக்கு அலறுகிறானே, காது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதே. ராத்திரி வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா, பகலில் நடுநடுவே சில விநாடி அப்படியே வெறித்து நிற்கிறானா என்றும் பார்த்துச் சொல். தூக்கம் கெட்டாலும் பிள்ளை பகலில் ஆடும். வெறிப்பது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டில் நேரம் இருக்காது, தெரியும். பீடித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு மட்டும் வை. 'கடித்தான்' என்று மட்டும் எழுதாதே. பென்சிலைப் பிடுங்கினார்கள், கடித்தான், டீச்சர் வெளியே அனுப்பினார் என்று முன்னும் பின்னும் எழுது. போனில் இரண்டு வீடியோவும் எடு. டாக்டர் அறையில் சமத்தாக உட்கார்ந்துவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்?

அந்த நோட்டோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. குழந்தைகள் பிரிவில், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தரச் சொல். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கிற இடம் அது. பதினெட்டு வயது வரை இலவசமாகப் பார்க்கும் அரசுத் திட்டத்தில் வருகிறது, அந்தத் திட்டம் 2013இல் தொடங்கியது. மாத்திரை ஆரம்பித்திருந்தால் நீயாக நிறுத்தாதே, அங்கே கேட்டுக்கொள்.

மாமியார் கயிறு கட்டட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். பேய் ஓட்டுகிறேன் என்று பிள்ளையை அடிக்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பாதே.

அடுத்த கொடைக்கு அவனை மேளக்காரர்களைவிட்டுத் தள்ளி நிறுத்திப் பார். எவ்வளவு தூரத்தில் காதிலிருந்து கையை எடுக்கிறான் என்பதையும் அந்த நோட்டில் எழுது.