ட்ரெயிலருக்குள் பூஞ்சண மணம்

கேள்வி: போன ஒக்டோபரில் கடைசியாய் ஒருமுறை காம்பிங் போய்வந்து, எங்கள் 22 அடி ட்ரெயிலரைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் வாளி இரண்டை உள்ளே வைத்து, நீலத் தறப்பாளால் இறுக்கிக் கட்டிவிட்டோம். ஏப்ரலில் திறந்தால் ஒரே பூஞ்சண மணம். அப்பச்சோடா வைத்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஏஜாக்ஸ், ஒன்ராறியோ

பதில்: முதலில் மெத்தையைத் தூக்கி, கீழ்ப் பலகையைப் பாருங்கள். பிறகு மேல் அலுமாரிகளின் மூலைகளைப் பெருவிரலால் அழுத்துங்கள். மெதுமெதுவென்று அமுங்கினால் கூரை ஒழுகுகிறது. பலகையில் ஊசி குத்தி ஈரம் பார்க்கும் கருவி ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். அது 20 சதவீதத்துக்கு மேல் காட்டினாலும் ஒழுக்கைத்தான் தேட வேண்டும். ரப்பர் கூரையென்றால் சாதாரண சிலிக்கோன் பூசாதீர்கள், சரியாக ஒட்டாது. அந்தக் கூரைக்கென்றே விற்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒழுக்கு இல்லையா? அப்படியென்றால் நான் தறப்பாளைத்தான் சந்தேகிப்பேன். மழைக்குப் பயந்து கட்டுகிறோம், உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். அந்தக் கடைசிப் பயணத்தில் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு காஸ் அடுப்பில் சமைத்திருப்பீர்கள். அந்த அடுப்புக் காஸ், அதாவது புரொப்பேன், ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். அது மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறி, இரவுக் குளிரில் அலுமினியச் சட்டங்களில் துளிதுளியாய்ப் படியும். வெளியே போக வழி ஏது?

இந்த முறை காற்றுப் போகும் துணி உறை போடுங்கள். கூரையில் காற்றுப் போகும் வென்டுக்கு மழைமூடி பூட்டி, இரண்டு விரல் அளவு திறந்து விடுங்கள். பனிக்காலக் காற்றில் குளிர்தான் அதிகம், ஈரம் மிகக் குறைவு. உள்ளே வந்து போகட்டும். மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்து, அலுமாரிக் கதவுகளையும் ஃப்ரிட்ஜ் கதவையும் திறந்தே விடுங்கள்.

அந்த வாளிகளில் இருப்பது கல்சியம் குளோரைட். ஒரு சின்ன அலுமாரிக்கு உதவும், முழு ட்ரெயிலருக்குக் காணாது. அதில் சேரும் உப்புநீர் கம்பளத்தில் சிந்தினால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்து அந்த இடம் காயவே காயாது.

இப்போதிருக்கும் பூஞ்சணத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, ஃபான் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச் வேண்டாம், அது பலகைக்குள் இறங்காது. பூஞ்சணம் பிடித்த ஸ்பொஞ்ச் மெத்தையைக் கழுவி மினக்கெடாமல் எறிந்துவிடுங்கள். மனம் வராமல் ஒன்றை வைத்திருந்து நான் இரண்டு வருடம் மூக்கைப் பொத்தியிருக்கிறேன்.