கல்லூரியில் பட்டமளிப்பு வாரம் நடத்தும் பொறுப்பு வந்திருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கடலூரில் ஓர் இணைப்புக் கல்லூரி, 600 பட்டதாரிகள், துறைப் பரிசளிப்பு முதல் முன்னாள் மாணவர் சந்திப்பு வரை ஒரு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நிகழ்ச்சிகள் அரை மணி முன்பின் ஆனாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மானம் போவது மேடையில் பெயர் வாசிக்கும்போதுதான். ஆகவே அதை முதலில் திட்டமிடுங்கள்.

அதற்கும் முன்னால் தேதி. நவம்பர், டிசம்பரில் பந்தல் வேண்டாம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. மாதக் கடைசியில் மழை ஓய்ந்துவிடும் என்று நம்ப முடியாது. பிப்ரவரி நல்லது. மாசி மகம் என்றைக்கு என்று மட்டும் பஞ்சாங்கத்தில் பாருங்கள். அன்று தேவனாம்பட்டினம் பக்கம் வண்டி நகராது.

இனி மேடைக் கணக்கு. ஒருவர் ஏறி, வாங்கி, இறங்க 8 விநாடி என்றால் 600 பேருக்கு 80 நிமிடம். ஆளுக்கொரு போட்டோவுக்கு நின்றால் 12 விநாடி, அதாவது 2 மணி நேரம். படிக்கட்டருகே எப்போதும் ஐந்து பேராவது தயாராக நிற்க வேண்டும்.

குழப்பம் வருவது வராதவர்களால். 143-ஆம் எண்ணுக்குரியவர் வரவில்லை. வாசிப்பவரோ பட்டியலைப் பார்த்து வாசித்துக்கொண்டே போகிறார். அவர் பெயருக்கு 144 மேடையேறிவிட்டால் அந்தத் துறை முழுக்க ஒரு பெயர் தள்ளிப் போகும். காலை வருகைப் பதிவின்போதே அவரவர் பெயர்ச் சீட்டை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். படியேறும்போது அதை வாங்கி, வாங்கிய சீட்டை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் தமிழில் அச்சாகியிருக்கட்டும். ஆங்கில எழுத்தில் மட்டும் இருந்தால் வளர்மதி 'வலர்மதி' ஆகிவிடுவார்.

மேடையில் வெறும் ஃபோல்டர் போதும். அசல் சான்றிதழைத் துறை மேசையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். மேடையில் அசலைக் கொடுத்தால்தான் கௌரவம் என்று யாராவது சொல்வார்கள். ஒரு சான்றிதழ் கை மாறிப் போனால் தேடி அலையப் போவது அவர்கள் இல்லை.

அங்கியை முன்பணம் வாங்கிக்கொண்டு விழாக் காலையில் கொடுப்பதே மேல். அங்கிமேல் கழுத்தைச் சுற்றிப் போட்டு முதுகில் தொங்கவிடும் துணிதான் ஹூட். அதன் முன்பக்கத்துத் துணி வளையத்தைச் சட்டைப் பொத்தானில் மாட்டுவது வழக்கம். புடவையில் பொத்தான் கிடையாது, அதனால் ஹூட் பின்னால் சரிந்து கழுத்தை இறுக்கும். ஆளுக்கு 2 ஊக்கு கணக்கிட்டு, கூடுதலாக ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வலத்தில் துறைத் தலைவர்கள் முன்னே, முதல்வரும் சிறப்பு விருந்தினரும் கடைசியில். திரும்பும்போது விருந்தினர் முன்னே. முதலில் மேடையேறுபவர் கடைசி நாற்காலி வரை போக வேண்டும் என்பதை முந்தைய நாள் ஒத்திகையிலேயே நடந்து பாருங்கள்.

வாசகத்திலும் ஒரு கண் இருக்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, பிரிவு 22-இன்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்குத்தான். இணைப்புக் கல்லூரிக்கு இல்லை. முதல்வர் 'பட்டம் வழங்குகிறேன்' என்று அறிவிக்கக் கூடாது. பல்கலைக்கழகம் வழங்கிய பட்டத்தின் சான்றிதழைத்தான் அவர் கையளிக்கிறார்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒலிப்பதிவைப் புதுச்சேரி நண்பரிடம் வாங்கிவிடாதீர்கள். அங்கே பாரதிதாசனின் 'வாழ்வினில் செம்மையை'. நமக்கு 'நீராருங் கடலுடுத்த', 55 விநாடி. ஒலிப்பதிவைவிடப் பயிற்சி பெற்றவர்கள் பாடுவதையே 2021 அரசாணை வலியுறுத்துகிறது. உங்கள் மாணவிகள் நால்வர் ஒரு வாரம் பயிற்சி எடுத்தால் போதும்.

சான்றிதழ் மேசையில் 'லேமினேட் செய்யாதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போகும்போது முத்திரையும் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட ஒட்டும் அரசுச் சான்று) காகிதத்தின் மேல்தான் விழ வேண்டும். பிளாஸ்டிக்கை உரிக்கப் போனால் எழுத்தும் கூடவே உரிந்து வரும்.