சார்ஜ்மேன் பதில்கள்: ரயில் எங்கே நிற்கிறது?

ஆலையில் மின்சாரத்தைக் கவனிக்கிறவரைத்தான் சார்ஜ்மேன் என்போம். போன மாதம் இந்த மின்சாரக் கேள்வி பதில் பகுதியில், என் வீட்டுக் கூடத்தில் ஓடுகிற குட்டி ரயிலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைக் கேட்டு வந்த கடிதங்களைச் சுமந்த ஊத்தான் மெலிந்தாங் தபால்காரர் என்னைத் திட்டாத குறை. கெட்டில், மின்விசிறி, வாஷிங் மெஷின் கேள்விகளெல்லாம் அடுத்த மாதம். இந்த முறை ரயில் மட்டும்.

கேள்வி: ஐயா, மாமா எனக்கு இரண்டு ரயில் எஞ்சின் வாங்கிக் கொடுத்தார். ஒரே தண்டவாளத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஓட்ட முடியாதா? டிஜிட்டலில் முடியும் என்கிறார்களே, அது என்ன?
– நான்காம் படிவ மாணவன், பீடோர்

பதில்: தம்பி, உன்னிடம் இருப்பது பழைய முறை. தண்டவாளத்தில் எவ்வளவு வோல்ட் விடுகிறாயோ அவ்வளவு வேகம். பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றினால் பின்னால் போகும். மேலே எத்தனை எஞ்சின் நின்றாலும் எல்லாவற்றுக்கும் அதே சாப்பாடுதான்.

டிஜிட்டல் புரிய வேண்டுமென்றால் உன் தாத்தாவிடம் தோட்டத்துப் பெரட்டைப் பற்றிக் கேள், காலையில் ஆள் கணக்கெடுப்பது. விடிவதற்கு முன்னால், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பெயர் படிப்பார். களத்தில் நிற்கிற எல்லார் காதிலும் எல்லாப் பெயரும் விழும். ஆனால் தன் பெயருக்கு மட்டும்தான் ஆள் குரல் கொடுப்பார். டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக டி.சி.சி. என்கிற முறையும் அதேதான். தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், உன் அளவு எஞ்சின்களுக்கு 12 முதல் 16 வரை. அந்த மின்சாரம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறிக்கொண்டே இருக்கும். மாறுகிற நேரத்தில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ வினாடி இருந்தால் அது ஒன்று. 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் பூஜ்யம். எஞ்சினுக்குள் இருக்கிற டிகோடர் இதைப் படித்து, தன் எண் வந்தால் மட்டும் மோட்டாரைச் சுற்றும். ஜெர்மனியின் லென்ட்ஸ் (Lenz) நிறுவனம் உருவாக்கியதை அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களில் பொது விதியாக்கியது. அதனால் ஒரு கம்பெனியின் கன்ட்ரோலர் இன்னொரு கம்பெனியின் டிகோடரோடு பேசும்.

ஒரு விஷயம். கடையிலிருந்து வருகிற டிகோடர்களுக்குப் பிறக்கும்போதே வைத்த பெயர் 3. இரண்டையும் அப்படியே தண்டவாளத்தில் வைத்தால், நீ இப்போது படுகிற அதே பாடுதான். எண் மாற்றுவதற்கென்றே இருக்கிற புரோகிராமிங் பாதையில் ஒன்றை மட்டும் வைத்து எண்ணை மாற்று, அப்புறம் அடுத்தது. டிகோடர் இல்லாத எஞ்சினை டிஜிட்டல் பாதையில் நிற்க விடாதே. ரீங்காரமிடும், மோட்டார் சூடேறும்.

கேள்வி: என் பாதை பன்னிரண்டு அடி நீளம். மின்சாரம் கொடுக்கிற இடத்தில் ரயில் பறக்கிறது, மறுகோடியில் தள்ளாடி நின்றுவிடுகிறது. 3 ஆம்பியர் சப்ளையை 8 ஆம்பியராக மாற்றியும் சரிப்படவில்லை.
– ஓய்வுபெற்றவர், சித்தியவான்

பதில்: அண்ணே, முதல் வேலையாக அந்த 8 ஆம்பியரைக் கழற்றி வையுங்கள். தொட்டியைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள், குழாய் அதே குழாய்தான். தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற தகடுகள் வழியாகவே பன்னிரண்டு அடிக்கும் மின்சாரம் போகும் என்று நம்பிவிட்டீர்கள். நம்மூர் ஈரத்தில் அந்தத் தகடுகளுக்கு உள்ளே பாசி பிடித்த மாதிரிக் கறுத்துப்போகும்.

வீட்டு விளக்குக்கு இழுக்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை இரண்டு நிறத்தில் வாங்கி, பலகைக்கு அடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுங்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய வயர் ஒன்றைச் சால்டர் செய்து கீழே இறக்கி அதோடு சேருங்கள். உள்பக்கத் தண்டவாளம் சிவப்பு, வெளிப்பக்கம் கறுப்பு என்று ஒருமுறை முடிவு செய்தால் கடைசிவரை அதுவே. வேலை அலுப்பாக இருக்கும், முதுகு வலிக்கும். வேறு வழியில்லை.

முடிந்ததும் ஒரு 20 காசு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போட்ட நிலையில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே, ஒவ்வோர் அடிக்கும் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் கன்ட்ரோலர் 'டப்' என்று கட்டாக வேண்டும். ஓர் இடத்தில் கட்டாகாமல் நாணயம் சூடானால், அங்கே வயர் போதவில்லை. அந்த இடத்தில் ஒரு நாள் ரயில் கவிழ்ந்து ஷார்ட் ஆனால், கன்ட்ரோலர் அதைப் பெரிய சுமை என்றுதான் நினைக்கும், ஷார்ட் என்று நினைக்காது. உங்கள் 8 ஆம்பியரும் எஞ்சினின் சக்கரத்துக்குள் இறங்கும். எனக்கு ஒரு பெட்டியின் அடிப்பாகம் அப்படித்தான் உருகி வளைந்தது. கொட்டாங்கச்சி எரிந்த மாதிரி ஒரு நாற்றம்.

மணல்தாள் போட்டுத் தண்டவாளம் துடைக்காதீர்கள். கீறலுக்குள் அழுக்கு குடியேறும். ஐசோபுரோபில் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும் போதும்.

கேள்வி: என் கணவர் ரயில் விட ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மேசை எப்போது திரும்பக் கிடைக்கும்?
– இல்லத்தரசி, லங்காப்

பதில்: அம்மா, நியாயமான கேள்வி. 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை இரண்டுக்கு ஆறு அடியில் வெட்டி, மடிக்கிற கால் போடச் சொல்லுங்கள். ஓட்டாத நேரம் சுவரில் சாய்த்து வைக்கலாம். அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் பலகை வளையும். எம்.டி.எஃப். என்கிற மரநார்ப் பலகை வேண்டவே வேண்டாம், உங்கள் சமையல் ஆவியிலேயே ஊறிவிடும். இன்னொன்று, சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் உரிமையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, பிடுங்க வேண்டும்.

கேள்வி: பள்ளி அறிவியல் விழாவுக்கு மாணவர்களோடு ஒரு ரயில் பாதை செய்கிறோம். ரயில் தானாக நிலையத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, தானாகப் புறப்பட வேண்டும். எந்த மென்பொருள் வாங்கலாம்?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் இந்தான்

பதில்: டீச்சர், மென்பொருள் கடைசி வேலை. காசும் செலவாகாது. முதலில் ஒரு கேள்விக்கு பதில் வேண்டும்: ரயில் எங்கே நிற்கிறது என்று பலகைக்கு எப்படித் தெரியும்?

மேலே பெரட்டு கதை சொன்னேன் இல்லையா, அதன் மறுபாதி இது. மண்டோர் பெயர் படித்து ஆளை நிரைக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் யார் எந்த மரத்தடியில் இருக்கிறார் என்பது, அவர் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். டி.சி.சி.யிலும் கட்டளை போகும், பதில் வராது. பதில் சொல்கிற டிகோடர்களும் இருக்கின்றன, ஆனால் பள்ளி விழாவுக்கு அது தேவையில்லை. '20 வினாடி ஓடு, நில்' என்று நேரக்கணக்கில் ஓட்டிவிடலாம் என்று பையன்கள் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். மோட்டார் சூடாகச் சூடாக வேகம் மாறும். பத்தாவது சுற்றில் ரயில் நிலையத்தைத் தாண்டி நிற்கும்.

நான் முதலில் வைத்தது அகச்சிவப்பு சென்சார். இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு கண், நடுவில் ரயில் வந்தால் வெளிச்சம் தடைபடும். ஒரு மாதம் அருமையாக வேலை செய்தது. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு அன்று, கூடம் நிறைய ஆட்கள், தட்டு நிறைய முறுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்கு ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் நேராகப் பாதையின் மேல் விழுந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. ரயில் குறுக்கே வந்தும் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் குறையவில்லை, அதனால் ரயில் வந்ததே தெரியவில்லை. நிலையத்தில் நிற்க வேண்டியது நிற்காமல் போய், முனையைத் தாண்டி, என் மச்சான் கையிலிருந்த சர்பத்துக்குள் இறங்கியது. எஞ்சின் பிழைத்தது. மச்சான் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

உங்கள் விழா மண்டபத்தில் எங்கே வெயில் விழும் என்று தெரியாது. அதனால் காந்தம். எஞ்சினுக்கு அடியில் ஒரு குட்டி காந்தம், தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே ஒரு ரீட் சுவிட்ச். அது கண்ணாடிக் குழாய், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. காலை மடக்கும்போது கண்ணாடிக்கு ஒட்டின மாதிரி இடுக்கியால் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே மடக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'கிளிக்' என்று உடையும். பத்து வாங்கினால் மூன்று உடையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் மின்சாரம் இழுக்கப்படுகிறது என்று பார்க்கிற முறையும் நல்லதுதான். ஆனால் எஞ்சின் மட்டும்தானே மின்சாரம் இழுக்கும்? பெட்டிகளும் தெரிய வேண்டுமென்றால் அச்சுக்கு அச்சு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்ட வேண்டும். விழாவுக்குள் முடியாது.

உங்களுக்கு இரண்டு சென்சார் போதும். பிளாட்பாரம் தொடங்கும் இடத்தில் ஒன்று, அங்கே வேகம் குறையும். நிற்கிற இடத்தில் இன்னொன்று. டிகோடரில் சி.வி. 3, சி.வி. 4 என்று இரண்டு எண்கள் உண்டு, மெதுவாக வேகம் கூடுவதற்கும் குறைவதற்கும். கையால் ஓட்டும்போது அவற்றைக் கூட்டி வைத்தால் நிஜ ரயில் போல அழகாக இருக்கும். தானாக ஓடும்போது குறைத்து வையுங்கள். இல்லையென்றால் 'நில்' என்ற பிறகும் ஓர் அடி வழுக்கிக்கொண்டு போகும்.

மூளைக்கு ஆர்டுயினோ மெகா என்ற சர்க்யூட் பலகை ஒன்று, அதன் மேல் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கிற மோட்டார் ஷீல்டு ஒன்று, டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச நிரல். தானாக ஓட்டுகிற வரிகளை அதற்குள்ளேயே எழுதிவிடலாம், விழா மேசையில் கணினியே வேண்டாம். ஜே.எம்.ஆர்.ஐ. என்ற மென்பொருளும் இலவசம். பெரிய பாதை போட்ட பிறகு அதற்குப் போகலாம். மோட்டார் ஷீல்டின் அடியில் 'வின்' என்று எழுதிய இணைப்பை அறுத்துவிட்டுத்தான் மெகாவில் பொருத்த வேண்டும். தண்டவாளத்து வோல்ட் மெகாவுக்குள் ஏறினால் அதோடு விழா முடிந்தது. காத்திருக்கும் நேரம் மில்லி வினாடியில் எழுத வேண்டும், 15 வினாடிக்கு 15000. பையன்கள் 15 என்று எழுதிவிட்டு 'டீச்சர், நிற்கவே மாட்டேன் என்கிறது' என்பார்கள்.

கடைசியாக, தண்டவாள மின்சாரத்தை வெட்டுகிற பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில். ஆலையில் கன்வேயருக்கு வைக்கிறோம், குட்டி ரயிலுக்கு ஏன் வைக்கக் கூடாது?

கேள்வி: நான் முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவன். எங்கள் தோட்டத்தில் சின்ன ரயில்தான் பழத்தை ஆலைக்கு இழுத்துப் போகும். பேரனுக்கு அதைச் செய்து காட்ட ஆசை. கடையில் விற்பதெல்லாம் ஜெர்மனி ரயில், ஜப்பான் ரயில்.
– தாத்தா ஒருவர், பாகான் டத்தோ

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் ஆலைக்குள் இருபத்தேழு வருடம் இருந்தவன். நீங்கள் வெட்டி அனுப்பியதுதான் எங்கள் முன்னால் கேஜ் கேஜாக, அதாவது கூண்டு வண்டிகளாக, பழத்தை ஆவியில் அவிக்கிற ஸ்டெரிலைசருக்குள் உருண்டு போகும்.

கே.டி.எம். பெரிய ரயில் பாதை ஒரு மீட்டர் அகலம். ஜெண்டராட்டா தோட்டத்துப் பக்கத்துச் சின்ன ரயில் பாதை 700 மில்லிமீட்டர். அதை 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 9.2 மில்லிமீட்டர் வரும். 'N' கேஜ் (பாதை அகலம்) என்று கடையில் விற்கிற குட்டித் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அச்சு அசல்! ஆக தண்டவாளமும் எஞ்சினின் அடிப்பாகமும் ஜப்பான்காரனிடம் வாங்கலாம், மேலே இருக்கிற உடம்பை நீங்களே அட்டையில் செய்யலாம். இங்கிலாந்தில் இப்படிச் செய்வதற்கு ஓ.ஓ.9 என்று பெயரே இருக்கிறது. இந்தக் கணக்கில் ஆள் 22 மில்லிமீட்டர், லயத்து வீட்டுக் கதவு 26.

நான்கு சக்கர எஞ்சின் சின்னது, தடம் மாறுகிற இடத்தில் பிளாஸ்டிக் துண்டின் மேல் ஏறினால் மின்சாரம் போய் நின்றுவிடும். அந்தத் துண்டு உலோகமாக இருக்கிற தடமாற்றி வாங்குங்கள். டிகோடரோடு கெப்பாசிட்டர் ஒன்று சேர்த்துவிட்டால் அரை வினாடி அழுக்கையும் தாண்டி ஓடிவிடும். தானாக ஓட, டீச்சருக்குச் சொன்ன இரண்டு சென்சாரே போதும்: காட்டில் ஒன்று, ஆலையில் ஒன்று. இழுத்துக்கொண்டு போகும், தள்ளிக்கொண்டு திரும்பி வரும்.

கேஜுக்குப் பழைய தேநீர் வடிகட்டியின் வலை. பழக்குலைக்கு மிளகு. சிரிக்காதீர்கள், நல்ல குலை ஒன்றை 76ஆகச் சுருக்கினால் ஐந்து மில்லிமீட்டர் சொச்சம்தான். அதே சுருக்கம், அதே உருண்டை. சிவப்பும் கறுப்புமாகப் பெயின்ட் தொட்டுவைத்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியாது.

எனக்கு ஓர் உதவி வேண்டும் ஐயா. வெளிப் பாதையில் கேஜ்களைக் கோத்தது சங்கிலியா, கொக்கியா? ஆலைக்குள் வரும்போது கழற்றிவிட்டுத்தான் எங்களிடம் தருவார்கள். என் பலகையில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஒரு துண்டுத் தாளில் வரைந்து அனுப்புங்கள்.