ருத்ரம் கற்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதமாக ஸ்ரீருத்ரம் என்ற வேதத் துதியைக் கற்றுவருகிறேன். ஒலிப்பதிவைக் கேட்டபடியே, தமிழ் எழுத்தில் அச்சான புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முதல் அனுவாகம் (பகுதி) ஓரளவு வாயில் நிற்கிறது. வாரம் ஒருமுறை என் பாடத்தைக் கேட்கும் பெரியவர், "புத்தகத்தை மூடு, பொருளெல்லாம் பிறகு" என்கிறார். நண்பர்களோ பொருள் தெரியாமல் சொல்வது வெறும் கிளிப்பேச்சு என்கிறார்கள். எது முதலில்? ஸ்வரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், தப்பினால் தீங்கு வரும் என்கிறார்களே, அதுவும் பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாணினீய சிக்ஷை என்ற உச்சரிப்பு நூலில் மோசமாக ஓதுபவர்கள் என்று ஆறு பேரின் பட்டியல் உண்டு. பாட்டாக இழுப்பவன், அவசரக்காரன், தலையாட்டுபவன், எழுதியதைப் பார்த்துப் படிப்பவன், பொருள் அறியாதவன், குரல் எழும்பாதவன். பெரியவர் நான்காமவனைக் கண்டிக்கிறார், நண்பர்கள் ஐந்தாமவனை. இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். (கேரளத்து நம்பூதிரி முறையில் ஆசான் மாணவனின் தலையைப் பிடித்து, ஸ்வரத்துக்கேற்ப அசைத்தே ரிக்வேதம் சொல்லித்தருவார். மூன்றாமவனைப் பற்றி அங்கே கவலையில்லை போலும்.)

நீங்கள் தினமும் சொல்லும் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம்.

நமஸ்தே ருத்ர மந்யவ உதோத இஷவே நம:

பதம் பிரித்தால்: நம: – தே – ருத்ர – மந்யவே – உதோ – தே – இஷவே – நம:. வணக்கம், உன், ருத்ரனே, சினத்துக்கு, மேலும், உன், அம்புக்கு, வணக்கம். 'மந்யவே'யின் ஏகாரம், அடுத்து உகரம் வந்ததால் அகரமாகிவிட்டது. 'தே இஷவே' என்பது 'த இஷவே' ஆனதும் அப்படித்தான். அச்சில் 'உதோத' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து அப்படி ஒரு சொல் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 'உதோ' வேறு, 'த' வேறு.

இனி உச்சரிப்பு. தமிழ் நாக்கு சறுக்கும் இடம் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. உயிர்களுக்கு நடுவே வரும் தகரத்தை நாம் மென்மையாக்குவோம், 'அது', 'இது' போல. மெய்யோடு சேர்ந்த 'த்ர'வை வன்மையாக்குவோம், 'மாத்திரை' போல. இந்த வரி கேட்பது இதற்கு நேர்மாறு: 'உதோத'வில் இரண்டு தகரமும் 'தலை'யின் தகரம்போல வன்மை, 'ருத்ர'வில் 'பந்து'வின் தகரம்போல மென்மை. பழக்கத்தில் விட்டால் இரண்டுமே தப்பாகிவிடும். தமிழ் எழுத்து இதைக் காட்டாது. எழுத்தருகே ஒலிவேறுபாட்டுக்காக 1 முதல் 4 வரை எண் போட்ட பதிப்பு காட்டும், ஆனால் எண்ணை யாரும் நெடுநாள் கவனிப்பதில்லை. தேவநாகரியோ கிரந்தமோ படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், அதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது. கடைசி 'நம:' என்பதில் விசர்க்கம் (இரட்டைப்புள்ளி) மெல்லிய மூச்சு மட்டும். 'நமஹா' என்று நீட்டினால் மாத்திரை கூடிப்போகும்.

ஸ்வரத்துக்கு வருவோம். ருத்ரம் இடம்பெறும் தைத்திரீய (யஜுர்வேதக் கிளை) அச்சில் அடிக்கோடு அனுதாத்தம், குரல் இறங்கும். மேல்கோடு ஸ்வரிதம், ஏறும். நெட்டெழுத்தின் மேல் இரட்டைக்கோடு இருந்தால் சமமாகத் தொடங்கிப் பின்பாதியில் ஏற வேண்டும். கோடு இல்லாதது சமம். சங்கீதம் தெரிந்தவர்கள் நி–ஸ–ரி என்று பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அதை ராகமாக்கினால் பட்டியலின் முதல் ஆளாகிவிடுவார்கள். நம் வரியில் 'ந' சமம், 'மஸ்' ஏற்றம், 'தே ருத்ர' மூன்றும் சமம், 'ம' இறக்கம், 'ந்ய' சமம், 'வ' ஏற்றம். பிறகு 'உ' இறக்கம், 'தோ' சமம், 'த' இறக்கம், 'இ' சமம், 'ஷ' ஏற்றம், 'வே' இறக்கம், 'ந' சமம், 'ம:' ஏற்றம்.

கோடில்லாத எழுத்துகளில் இரண்டு வகை உண்டு என்பதைப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. 'ந' உதாத்தம், அந்தச் சொல்லின் உண்மையான அழுத்தம் அதில்தான். 'தே ருத்ர' ஸ்வரிதத்துக்குப் பின்னால் வரும் பிரசயம், அதற்குச் சொந்த அழுத்தம் கிடையாது. ஏன்? 'ருத்ர' விளி. வரியின் நடுவே வரும் விளி தன் உதாத்தத்தை இழக்கும். 'தே' எப்போதுமே இன்னொரு சொல்லைச் சார்ந்து நிற்பது. பத்தாவது அனுவாகம் 'த்ராபே' என்ற விளியோடு தொடங்குகிறது. அங்கே அது முதலில் நிற்பதால் முதல் எழுத்தில் உதாத்தம் உண்டு. எது விளி, எது சார்ந்த சொல் என்று தெரிந்தவருக்கு ஸ்வரம் ஏன் அப்படிப் போகிறது என்பதும் தெரியும், தப்பினால் காதே சொல்லிவிடும். அதனால்தான் பொருளைப் பிறகு என்று முழுக்கத் தள்ளிவைக்க வேண்டாம் என்கிறேன்.

நீங்கள் பயப்படுவதற்குப் பின்னால் உள்ள கதையும் இதே இலக்கணம்தான். இந்திரனைக் கொல்ல ஒருவன் தோன்றட்டும் என்று த்வஷ்டா என்ற தேவன் 'இந்த்ரசத்ரு' என்று சொல்லி ஆகுதி இட்டான். கடைசி எழுத்தில் உதாத்தம் வைத்தால் 'இந்திரனைக் கொல்பவன்', வேற்றுமைத்தொகை. முதல் எழுத்தில் வைத்தால் 'இந்திரனால் கொல்லப்படுபவன்', அன்மொழித்தொகை. அவன் முதல் எழுத்தில் வைத்தான், அதனால் தோன்றிய விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். ஸ்வரம் பொருளை மாற்றும் என்பதற்கான உதாரணம் அது. கற்கும்போது நாக்கு தடுமாறுகிறவரை மிரட்ட அதை எடுத்துவருவது எனக்கு உடன்பாடில்லை. தவறு திருத்தப்படாமல் உருவேறுவதுதான் கவலைப்பட வேண்டியது. நூறு முறை தப்பாகச் சொன்னதை மாற்ற நூறு முறை போதாது.

புத்தகத்தைப் பதம் பிரிக்கவும் கோடுகளைப் பார்க்கவும் திறவுங்கள், ஓதும்போது மூடுங்கள். சந்தை எனப்படும் பாடமுறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை சொல்வார். முதலில் ஓரிரு பதம், பிறகு அரை வரி, பிறகு முழு வரி. ஒலிப்பதிவிலும் இதைச் செய்யலாம்: அரை வரியில் நிறுத்தி இருமுறை சொல்லுங்கள். கூடவே சொல்லாதீர்கள், அவர் குரலில் உங்கள் பிழை மறைந்துவிடும். உங்கள் குரலைப் பதிவுசெய்து, எழுத்துக்கு எழுத்து ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுங்கள். மிச்சத்தைப் பெரியவர் திருத்துவார். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும்.

பொருளுக்கு முதலில் தேவை நான்காம் வேற்றுமை, நம் 'கு' உருபு. 'நம:' வந்தால் அருகே அது இருக்கும். அகர ஈறு 'ஆய' ஆகும் (சிவாய), இகர ஈறு 'அயே' (பதயே), உகர ஈறு 'அவே' (இஷவே). இந்த மூன்றைக் கொண்டே இரண்டாவது முதல் ஒன்பதாவது அனுவாகம் வரை பெரும்பகுதி திறந்துகொள்ளும். எட்டாவதில் 'நம: சிவாய ச சிவதராய ச' வரும்போது, 'தர' ஒப்பீட்டு விகுதி என்று தெரிந்தால் 'மங்களமானவனுக்கும், அதைவிட மங்களமானவனுக்கும்' என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். உரை வாங்கும்போது பதவுரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பொழிப்புரை எந்தச் சொல்லுக்கு எது பொருள் என்று காட்டாது. பழைய வேத உரையாசிரியர்களான சாயணர், பட்டபாஸ்கரர் இருவரும் பதம் பதமாகவே உரை செய்திருக்கிறார்கள்.

ஒலிப்பதிவை மாற்றினால் அது எந்த சாகை (வேதக் கிளை) என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'கணானாம் த்வா' மந்திரத்தை ரிக்வேதிகள் 'கணபதிம் ஹவாமஹே' என்பார்கள், தைத்திரீயர்கள் 'கணபதிகும் ஹவாமஹே' என்பார்கள். இரண்டும் சரி. ஒரே வாயில் இரண்டையும் கலந்து சொல்வதுதான் தவறு.